கூஜாத் தண்ணீர்

ஜனவரி 9

ஊமைக்கோட்டானுக்கு,

நேற்று ஆஸ்பத்திரியில் நீ செய்த காரியத்துக்குப் பிறகு உன்னோடு எனக்குப் பேச்சு கிடையாது. கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. தூங்கி எழுந்து, டீ குடித்து, நிதானமாகத்தான் எழுதுகிறேன். இனி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்படி எழுதி டிபன் டப்பாவுக்கு அடியில் வைப்பேன். நீயும் அப்படியே வை.

வீட்டுக்கு யார் வந்தாலும் சமையலறைக்குள் ஓடி ஒளிகிறவள் நீ. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்ல உனக்கு ஒரு வாரம் வேண்டும். என் பஸ் கண்டக்டர் வந்து “என்னம்மா, சாப்டியா?” என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் தலையாட்டுவாய். அப்பேர்ப்பட்டவளுக்கு நேற்று மட்டும் எங்கிருந்து வாய் முளைத்தது? டாக்டர் என்னைத்தான் கேட்டார், “எப்படி இருக்கீங்க டிரைவர்?” என்று. “நல்லா இருக்கேன் சார், எப்பவாவது ரெண்டு சொட்டு” என்றேன். அதோடு முடிந்திருக்கும். நீ பின்னாலிருந்து, “பொய் சார். தினமும் விரிப்பு நனையுது. நாந்தான் தொவைக்கிறேன்” என்றாய். பக்கத்தில் நர்ஸ். திறந்த கதவுக்கு வெளியே அடுத்தடுத்து ஆட்கள். அதில் ஒருவன் என் பஸ்ஸில் தினமும் வந்து போனவன்.

அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனவனை ஒரே நிமிஷத்தில் குழந்தையாக்கி விட்டாய். சந்தோஷமா?

இது பழைய டிரிப் ஷீட். பின்பக்கம் வீணாகப் போகிறது என்று எழுதுகிறேன். உனக்காகக் காகிதம் வாங்கவில்லை.

அப்பன்

*

ஜனவரி 10

அப்பாவுக்கு,

கடிதத்தை “அன்புள்ள” என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு வரவில்லை. விட்டுவிட்டேன்.

இந்தத் தாள் என் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருக்கிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். புரோஸ்டேட் சுரப்பியில் புற்று என்று அதை எடுத்துவிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, “ஒரு மாசம் லீவு போடு, நான் தேறிடுவேன்” என்றீர்கள். புற்று போய்விட்டது. அதோடு அடக்கும் சக்தியும் போய்விட்டது. இருமினால் போகிறது, எழுந்தால் போகிறது, தூக்கத்தில் போகிறது. அந்த ஒரு மாச லீவு இரண்டு வருஷமாகிவிட்டது. என் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கிறார்கள்.

அம்மா இருந்திருந்தால் அம்மா சொல்லியிருப்பாள். அம்மா இல்லை. வேறு யார் சொல்வது?

நீங்கள் கோபத்தில் டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். எழுதுகிறேன். சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை வைப்பார்களாம். அதற்குள் தண்ணீர். பட்டை இறுகி, வழியை எப்போதும் மூடியே வைத்திருக்கும். போக வேண்டும் என்றால், தோலுக்கு அடியில் இருக்கும் சின்னப் பம்பை விரலால் அமுக்க வேண்டும். பட்டையிலிருக்கும் தண்ணீர் வயிற்றுக்குள் வைத்த பலூனுக்குப் போகும், வழி திறக்கும். சில நிமிஷங்களில் தானாகவே திரும்ப மூடிக்கொள்ளும். உடற்பயிற்சி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று, இனி இதுதான் வழி என்றார். நான் வாயைத் திறந்ததால்தான் சொன்னார். நீங்கள் சொன்ன ரெண்டு சொட்டுக்கு மாத்திரை எழுதி அனுப்பியிருப்பார்.

துணி துவைப்பவள்

*

ஜனவரி 12

துணி துவைப்பவளுக்கு,

நீ விவரித்த சாமானுக்குப் பஸ்ஸில் பெயர் பார்க்கிங் பிரேக். எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும், நாமாக விடுவித்தால்தான் வண்டி நகரும். நல்ல பிரேக்தான், பஸ்ஸுக்கு. என்னை ஷெட்டில் ஏற்றி அடியில் படுத்து நட்டு போல்ட் மாட்ட நான் என்ன பஸ்ஸா? அதுவும் பம்பை எங்கே வைப்பார்கள் என்று நீ எழுதவில்லை. டாக்டர் படம் போட்டுக் காட்டியதை நானும் பார்த்தேன். சொல்லக் கூசும் இடத்தில். ஒவ்வொரு தடவையும் அங்கே கையை வைத்து ஹாரன் அடிப்பது போல் அமுக்க வேண்டுமாம். கண்டக்டருக்குத் தெரிந்தால் சாகும்வரை சொல்லிச் சிரிப்பான்.

வேண்டாம். விஷயம் முடிந்தது.

ரசத்தில் உப்பில்லை.

அப்பன்

*

பிப்ரவரி 2

ஊமைக்கோட்டானுக்கு,

நேற்று கண்டக்டர் வந்து போனது உனக்குத் தெரியும். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து உன் நிழல் தெரிந்தது. அவன் சொன்னதையும் கேட்டிருப்பாய். என் பஸ்ஸை ஒரு பொடியனுக்கு நிரந்தரமாகக் கொடுக்கப் போகிறார்களாம். “வளைவுல பிரேக்க மிதிச்சே தேய்க்கிறான்ணே. ஒங்க கால் வருமா? சீக்கிரம் வந்து சேருங்க” என்றான்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறேன். உனக்காக இல்லை. அந்தப் பொடியன் என் வண்டியின் பிரேக்கைக் கெடுப்பதைப் பொறுக்க முடியாததால்.

நீ ஆஸ்பத்திரிக்கு வரலாம், சாப்பாடு கொண்டுவரலாம். டாக்டரோ நர்ஸோ உள்ளே வந்தால் நீ வெளியே போய்விட வேண்டும். இன்னொரு தடவை உன் திருவாய்மொழியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அப்பன்

*

பிப்ரவரி 3

அப்பாவுக்கு,

சரி. வெளியே நிற்கிறேன். வெளியே நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

எனக்கும் ஒரு நிபந்தனை. வெளியூரில் தையல் கடை வைத்திருக்கும் சித்தி எனக்கு எழுதியிருக்கிறாள். கடைக்கு ஒரு பெண் வேண்டுமாம். மாடியில் ஒரு அறை. பகலில் துணி வெட்டப் பழகலாம், மாலையில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதப் படிக்கலாம். ஏப்ரல் வரை இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறாள். போனில் எனக்குப் பேச வராது என்பதால் அவளும் கடிதம்தான் போடுகிறாள், பாவம்.

உங்களுக்குச் சரியானதும் நான் போய்விடுவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லவில்லை என்று ஆகக் கூடாது.

துணி துவைப்பவள்

*

மார்ச் 6

போகப் போகிறவளுக்கு,

ஆபரேஷன் ஆகி இரண்டு வாரமாயிற்று. இன்னும் அதே விரிப்பு, அதே ரப்பர் ஷீட், அதே நாற்றம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாளியைத் தூக்கிப் போகிறாய். புண் ஆறும்வரை சாமானைத் திறந்தே வைத்திருப்பார்களாம், ஆறு வாரம் கழித்துத்தான் ஓட விடுவார்களாம். இதை முதலிலேயே டாக்டர் சொன்னார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன், வாளியை நீ தரையில் வைக்கிற சத்தம் தாங்காமல்.

வலிக்கிறதா என்று நீ ஒரு தடவைகூட எழுதிக் கேட்கவில்லை. வலிக்கிறது.

உன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாய். பார்த்தேன். அவ்வளவு அவசரமா?

அப்பன்

*

ஏப்ரல் 4

ஊமைக்கோட்டானுக்கு,

இன்றைக்கு அந்தச் சாமானை ஓட விட்டார்கள். ஓடவில்லை. சில பேருக்குச் சரியாக அமையாதாம். பட்டை சரியாக இறுகவில்லை என்கிறார்கள். திரும்ப வயிற்றைக் கிழிக்க நான் தயாராக இல்லை.

ஆகவே எதுவும் மாறவில்லை. ராத்திரி கழுவிக்கொள்ள என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் கூஜாவை இனியும் நிரம்ப வை. நேற்று பாதிதான் இருந்தது.

உன் சித்திக்கு எழுதிவிடு. அவளைக் காத்திருக்க வைக்காதே. மேஜை டிராயரில் தபால்தலை இருக்கிறது.

அப்பன்

*

ஏப்ரல் 7

அப்பாவுக்கு,

எழுதிவிட்டேன். இது இரண்டாவது முறை. போன வருஷமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உங்களுக்குக் காய்ச்சல் வந்ததால் போகவில்லை. இந்த முறை சித்தி என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும்.

எழுதும்போது நீங்கள் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். தபால்தலையை நீங்களே நாக்கில் தடவி ஒட்டிக் கொடுத்தீர்கள். இத்தனை மாதத்தில் நீங்கள் எனக்குச் செய்த ஒரே உதவி அது. ஒருவேளை உங்களுக்கும் வருத்தமாக இருக்கிறதோ என்று நினைத்தேன்.

பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கூஜா நிரம்ப இருக்கிறது.

துணி துவைப்பவள்

*

மே 9

அப்பாவுக்கு,

இன்று காலை உங்கள் விரிப்பு நீலமாக நனைந்திருக்கிறது. நல்ல அடர்ந்த நீலம், நடுவில் ஒரு பெரிய வட்டம். உடம்பிலிருந்து நீலமாக வந்தால் பெரிய வியாதியாக இருக்குமே. டாக்டரிடம் காட்ட வேண்டாமா? நான் கூட வரட்டுமா? இந்த முறை வாயே திறக்க மாட்டேன், விரிப்பை மட்டும் விரித்துக் காட்டுகிறேன்.

போதும். நேராகவே எழுதுகிறேன்.

துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை நேற்று மாலை உங்கள் கூஜாவில் கலந்தது நான்தான். குடிக்கிற பாட்டிலில் கை வைக்கவில்லை. நான் அவ்வளவு கெட்டவள் இல்லை.

சந்தேகம் வந்தது கண்டக்டர் மாமாவால். போன வாரம் அவர் வந்தபோது நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். கதவைத் திறந்தேன், வேறு வழியில்லை. “அண்ணன் டிப்போவுக்கு வந்தாரும்மா. மதியம் உக்காந்தவரு, விளக்கு போடுற வரைக்கும் எங்க கூட சீட்டு ஆடுனாரு. நாங்க எல்லாம் ரெண்டு ரெண்டு தடவ எந்திரிச்சுப் போனோம், அவரு அசையலையே! என்னாத்த வெச்சுத் தெச்சாங்க, எனக்கும் ஒண்ணு சொல்லும்மா” என்றார். நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் போன பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கொடியிலிருந்த விரிப்பை எடுத்து முகர்ந்தேன். அடுத்த நாள் துவைப்பதற்கு முன்னாலும் முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை, அப்பா. காய்ந்த இடத்தில் மஞ்சள் விளிம்பும் இல்லை. உங்கள் லுங்கியின் முன்பக்கம் காய்ந்தே இருந்தது. இரண்டு வருஷமாகத் துவைக்கிறவளின் மூக்கை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சாமான் வேலை செய்கிறது. முதல் நாளிலிருந்தே வேலை செய்கிறது. நீங்கள் தினமும் எழுந்து, நான் நிரப்பி வைத்த தண்ணீரை, நான் துவைத்து விரித்த விரிப்பில் ஊற்றிவிட்டு, அதன் ஓரத்தில் படுத்திருக்கிறீர்கள்.

துணி துவைப்பவள்

*

மே 9, மதியம்

வேவுக்காரிக்கு,

பெற்ற அப்பனின் கூஜாவில் சாயம் கலக்கும் பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இரண்டு கையும் நீலம். அப்படியே கடைக்குப் போய்விட்டேன். “என்ன சார், வீட்ல பெயின்ட் அடிக்கிறீங்களா?” என்று மளிகைக்காரன் கேட்கிறான்.

ஊற்றினேன். என்ன இப்போது? என் விரிப்பு, என் வீடு, என் தண்ணீர். எந்தச் சட்டத்தில் தப்பு என்று எழுதியிருக்கிறது? உன்னைச் சங்கிலி போட்டா கட்டினேன்? வாசல் திறந்துதான் இருக்கிறது. போக வேண்டும் என்றால் போயிருப்பாய். உனக்குத்தான் வெளியே போக பயம். என்னைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் உள்ளேயே உட்கார்ந்தாய். பள்ளிக்கூடம் போவதை நீ விட்டதுகூட என்னால்தான் என்று யார் கண்டது? வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல நடுங்குகிறவளுக்கு நான் காரணம் கொடுத்தேன். நன்றி சொல்.

அப்பன்

*

மே 10

அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு உண்மை. எனக்கு வெளியே போக பயம்தான். பள்ளிக்கூடத்திலும் பயம்தான். அதனால்தான் சித்தியிடம் போவதற்கு இத்தனை நாளாகத் தைரியம் சேர்த்தேன். சேர்த்ததை எல்லாம் நீங்கள் ஒரு தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டீர்கள்.

துவைத்தது எனக்குப் பெரிதில்லை. உண்மையாகவே நனைந்த துணியை இன்னும் பத்து வருஷம் வேண்டுமானாலும் துவைத்திருப்பேன், முணுமுணுத்துக்கொண்டே. நான் வர முடியாது என்று எழுதும்போது நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுதான்.

நேற்றே சித்தியைப் போனில் கூப்பிட்டேன். ஆமாம், நானேதான். வேறு ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாளாம். “ரெண்டு தடவ ஏமாத்திட்ட. உன் பேச்ச நம்ப மாட்டேன். ஒங்கப்பன் கைப்பட எழுதட்டும், அவருக்கு ஒடம்பு சரியாயிடுச்சு, நீ இல்லாம இருந்துக்குவாருன்னு. பத்து நாளுக்குள்ள வந்தா எடம் ஒனக்கு. இல்லன்னா அவளுக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நீங்கள் எழுத வேண்டும். ஆபரேஷன் ஆனது, கருவி வேலை செய்கிறது, இப்போது நனைவதில்லை. இதை உங்கள் கையால் சித்திக்கு எழுத வேண்டும். எழுதும்வரை நான் இந்த வீட்டில் ஒரு துணியையும் தொட மாட்டேன். நீல விரிப்பு உங்கள் கட்டில்மேல்தான் இருக்கிறது.

துணி துவைக்காதவள்

*

மே 11

என் கால்சட்டைச் சமாசாரத்தை என் மைத்துனிக்கு எழுத வேண்டுமா? டாக்டருக்குத் தெரிந்தது போதாதா? ஊரெல்லாம் போஸ்டர் அடித்து ஒட்டேன்.

முடியாது.

*

மே 14

பேசத் தெரிந்தவளுக்கு,

மூன்று நாளாக நீ எதுவும் எழுதவில்லை. டப்பாவுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்விட்டது. சமைத்து மூடி வைக்கிறாய், உன் தட்டை மட்டும் கழுவுகிறாய், போகிறாய். ஒரு வீட்டுக்குள் இத்தனை அமைதியாக ஒருத்தி இருக்க முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது. இதற்கு நீ திட்டி எழுதியதே மேல்.

சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

சாமானை ஓட விட்ட அன்றைக்கு நர்ஸ் அமுக்கக் கற்றுக்கொடுத்தாள். பிறகு கழிப்பறைக்குள் தனியாக அனுப்பினாள். அமுக்கினேன். போனது. பிறகு நின்றது. வெறுமனே நின்றுவிட்டது. குனிந்தேன், இருமினேன், இரண்டு தடவை குதித்தேன். ஒன்றுமில்லை. அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒழுங்காக அப்பனாக இருந்திருந்தால் ஓடி வந்து முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்ததும் நர்ஸ் சிரித்தாள். “இனிமே ஒங்களுக்கு யாரு தயவும் வேணாம் சார்” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தைதான். யாரும் வேண்டாம். நம் தெருமுனையில் இறங்கும்போது வேறொன்று புரிந்தது. யாரும் வேண்டாம் என்றால் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் நீ பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான். பேசவும் வழியில்லை, பேச்சை நிறுத்தியதும் நான்தானே. கூஜா பக்கத்திலேயே இருந்தது.

இதை நான் மன்னிப்பாக எழுதவில்லை. நீ நீலம் கலந்ததை நான் மறக்கப் போவதும் இல்லை. நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

உன் சித்திக்கு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படிக்காதே என்று சொன்னால் படிப்பாய், அதனால் படி. தபால்தலையை நீயே ஒட்டிக்கொள்.

அப்பா

*

மே 16

அப்பாவுக்கு,

படித்தேன். “நான் நன்றாக இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேலாக நன்றாகத்தான் இருக்கிறேன். ஏப்ரலில் அவள் வராதது என் பொய்யால், அவளால் இல்லை.” இந்த மூன்று வரியையும் எழுத உங்களுக்கு ஒரு டிரிப் ஷீட் போதவில்லை என்று குப்பைக்கூடையைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்த வரியை இரண்டு தடவை படித்தேன். “கூட்டத்தில் அவளைப் பேசச் சொல்லாதே. பேச வேண்டிய இடத்தில் அவளே பேசுவாள்.”

தபாலில் போட்டால் நாளாகும் என்று கண்டக்டர் மாமாவிடம் கொடுத்தனுப்பினேன். சித்தி போன் செய்தாள். இடம் எனக்குத்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

என் கோபம் போகவில்லை. நல்ல கடிதம் எழுதினீர்கள் என்பதற்காக அது போய்விடாது. போகும்போது போகட்டும்.

சில விஷயங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை டிராயரில் போட்டு வைத்திருந்தீர்கள். எடுத்து உங்கள் காக்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எங்காவது மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால், தெரியாமல் சிறுநீருக்கு டியூப் போட்டுவிடுவார்கள். முதலில் பட்டையைத் திறந்து நிறுத்தாமல் டியூப் போட்டால் உள்ளே கிழிந்துவிடும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அட்டை எப்போதும் சட்டையில் இருக்க வேண்டும். இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பவும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறவர் நீங்கள்.

நீல விரிப்பைத் துவைத்தேன். துணி தொட மாட்டேன் என்றது நீங்கள் எழுதும்வரைதான். நீலம் முழுதாகப் போகவில்லை. இனியும் போகாது. அதையே விரித்துக்கொள்ளுங்கள். கூஜாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ரப்பர் ஷீட்டைப் பெட்டிமேல் சுற்றி எடுத்துப் போகிறேன், வழியில் மழை வரலாம். உங்களுக்கு அது தேவையில்லை.

கணக்கு நோட்டில் இதுதான் கடைசித் தாள். அதனால் மிச்சத்தை வாயால்தான் சொல்ல வேண்டும்.

நாளைக் காலை பெட்டியோடு உங்கள் அறை வாசலில் நிற்பேன். “போறேன்” என்று சொல்வேனா, “போயிட்டு வரேன்” என்று சொல்வேனா, இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் முதலாவதைச் சொல்லிவிட்டு நடப்பேன். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் இரண்டாவது. திட்டினாலும் சரி.

உங்கள் மகள்